கார் தண்ணீர் வராத ஆண்டும் ஆறு டிரோன் பேட்டரிகளும்

வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பறக்கவிடுவது எப்படி, சான்றிதழ் பெறுவது எப்படி, ஏக்கருக்கு எவ்வளவு கூலி வாங்குவது என்பதையெல்லாம் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியை எந்த அளவு மின்சாரத்தோடு, எப்படிப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் இழந்தது, பேட்டரிகளின் விலைக் கணக்கில் மட்டும் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய். பிசான நெல் பருவத்தின் முதல் தெளிப்பு வேலை முழுவதும் கைவிட்டுப் போனது அந்தக் கணக்கில் சேராது. அந்த வாரங்களில் வீட்டுக்குள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் தனியாக அலைந்ததையும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

நான் இருப்பது சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில். தாமிரபரணியை நம்பி நெல் போடும் எங்கள் பகுதியில் இரண்டு பருவங்கள் உண்டு. பாபநாசம் அணையிலிருந்து ஜூன் மாதத்தில் தண்ணீர் வந்தால் கார். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபரில் தொடங்கி மாசி, பங்குனி அறுவடை வரை பிசானம். பிசான அறுவடை முடிந்துவிட்டால் டிரோனுக்கு வேலை கிடையாது. வாழைக்குச் சிலர் அழைப்பார்கள், மானாவாரி உளுந்துக்கு வடக்கே சங்கரன்கோவில் பக்கம் போகலாம் என்றாலும், அதெல்லாம் சில்லறை வேலைகள்தான். ஜூனில் கார் தொடங்கினால் இடைவெளி மூன்று, நான்கு மாதம். அணையில் நீர் போதாமல் காருக்குத் தண்ணீர் திறக்கப்படாத ஆண்டில், பிசானம் முடிந்து அடுத்த பிசானம் வரை ஏழு மாதத்துக்கும் மேல் பேட்டரிகள் சும்மா கிடக்கும். எனக்கு நேர்ந்தது அப்படிப்பட்ட ஓர் ஆண்டில்தான். இந்தத் தொழிலின் பேட்டரிப் பிரச்சினையைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும் ஊர்க்காரர்கள் முழுதாக உணர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அடிக்கடி பறக்கும் பேட்டரியைவிட, கிடக்கும் பேட்டரிக்குத்தான் கூடுதல் கவனிப்பு வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருந்தவை பத்து லிட்டர் தொட்டி கொண்ட டிரோனுக்கான லித்தியம் பாலிமர் பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கொள்ளளவு 22 ஆம்பியர் மணி. தொட்டி நிறையத் தண்ணீரோடு பறக்கும்போது ஒரு பேட்டரி ஓர் ஏக்கருக்கு வரும், காற்று இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். எனவே வயலோரத்தில் ஜெனரேட்டரை வைத்து மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டால்தான் ஒரு நாள் வேலை ஓடும். டிரோனோடு வந்தவை இரண்டு. அவற்றுக்குள்ளேயே செல்களைக் கண்காணிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை உண்டு, விலை ஒன்று எழுபதாயிரம். பிறகு நான் தனியாக வாங்கியவை நான்கு; அவற்றில் பலகை எதுவும் கிடையாது, விலை ஒன்று நாற்பத்தைந்தாயிரம். அந்த நான்கையும் கொண்டுவந்து இறக்கியபோது விற்றவர்களின் ஆள் சொன்ன ஒரே அறிவுரை, "எப்பவும் ஃபுல் சார்ஜ்ல வைங்க, அப்பதான் செத்துப்போகாது" என்பது. பெட்டியில் இருந்த ஒற்றைத் தாளிலும் சேமித்து வைப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் சொன்னபடியே பிசானம் முடிந்ததும் நான்கையும் முழுதாகச் சார்ஜ் செய்து, தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த அறையில், மர அலமாரியில் வரிசையாக வைத்தேன். மற்ற இரண்டும் டிரோனோடு சேர்த்து ஆண்டுப் பராமரிப்புக்காக வேறொரு நிலையத்துக்குச் சென்றன.

ஐப்பசியின் முதல் மழை பெய்து நாற்று நட்ட பிறகு, இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க அழைப்பு வந்தது. பேட்டரிகளை எடுக்க அறையைத் திறந்தபோது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி மெலிதாக வந்தது. நான்கு பேட்டரிகளும் உப்பியிருந்தன. ஒன்றின் மேலுறை தையல் விட்டதுபோல் ஓரத்தில் பிரிந்திருந்தது. நெடி அதிலிருந்துதான் வந்தது. பணம் போனது என்ற எண்ணம் எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் வந்தது. முதலில் வந்தது பயம். அந்த அறைக்கு வெளியே, சுவரை ஒட்டிய இடத்தில்தான் அந்தக் கோடை முழுவதும் அம்மா மோர் மிளகாயும் வடகமும் காயப்போட்டுவிட்டு, காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள் மரத்தட்டு, அதன் அடியில் ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேன், மூலையில் பூச்சிமருந்துப் பெட்டிகள். அன்று இரவு நான் தூங்கவில்லை. விற்றவர்களின் மேல் எனக்கு இருந்த கோபம், பணத்துக்காக வந்ததைவிட அம்மா உட்கார்ந்திருந்த அந்த இடத்துக்காக வந்ததுதான் அதிகம்.

என்ன நடந்தது என்பதைக் கோயம்புத்தூரில் பேட்டரிப் பொதி கட்டும் தொழிலில் இருக்கும் கல்லூரி நண்பர் ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். அந்த நிலையில் அதன் நேர்மின்வாய், உள்ளே இருக்கும் கரிமக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரியை நாம் பயன்படுத்தாவிட்டாலும் அந்த வேலை நிற்பதில்லை. வெப்பம் கூடக்கூட வேகமெடுக்கிறது. சிதைவில் கரியமில வாயு போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. இந்தச் செல்களுக்கு உருளைச் செல்களைப் போல இரும்புக் கூடு கிடையாது, மெல்லிய அலுமினியப் பை மட்டுமே. வாயு வெளியேற வழியின்றிப் பை உப்புகிறது. லித்தியம் அயன் செல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கணக்கை அவர் சொன்னார். 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 40 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். முழுச் சார்ஜோடு வைத்தால் 80 சதவீதம்தான் மிஞ்சும். அதுவே 40 டிகிரி வெப்பமானால், பாதிச் சார்ஜுக்கும் குறைவாக வைத்தது 85 சதவீதமும், முழுச் சார்ஜில் வைத்தது 65 சதவீதமும் மிஞ்சும். அடுத்த மே மாதத்தில் அந்தத் தகடு அறையில் வெப்பமானியை மாட்டிப் பார்த்தேன். பிற்பகலில் 46 டிகிரி காட்டியது. அதே நேரத்தில் கீழே, ஓட்டு வீட்டின் நடு அறையில் 33. என் பேட்டரிகள் சித்திரை, வைகாசி முழுவதையும் முழுச் சார்ஜோடு அந்த 46 டிகிரியில் கழித்திருக்கின்றன.

இதிலிருந்து முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஓர் எண். பேட்டரியைச் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தப்போவதில்லை என்றால், செல் ஒன்றுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இருக்கும்படி வைக்க வேண்டும். பன்னிரண்டு செல் பேட்டரிக்கு மொத்தமாக 45.6 முதல் 46.2 வோல்ட்; ஆறு செல் பேட்டரிக்கு 22.8 முதல் 23.1 வோல்ட். இது ஏறத்தாழப் பாதிச் சார்ஜ். 4.35 வோல்ட் வரை ஏற்றப்படும் உயர் மின்னழுத்த வகை உங்களிடம் இருந்தால், அதைச் செய்தவர்கள் கையேட்டில் தரும் எண்ணைப் பின்பற்றுங்கள். மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பது போதாது. ஒவ்வொரு செல்லிலிருந்தும் வெளியே வரும் மெல்லிய பேலன்ஸ் வயரில், செல் சோதிக்கும் சிறு கருவியைச் செருகி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பதினொரு செல்கள் சரியாக இருந்து ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது மறைந்துவிடும். பார்த்து முடித்ததும் அந்தக் கருவியைக் கழற்றிவிடுங்கள். அது செருகியே இருந்தால், அது குடிக்கும் சொற்ப மின்சாரமே மாதக்கணக்கில் செல்களைச் சமமில்லாமல் வடித்துவிடும்.

உப்பிய நான்கும் போனால் என்ன, பராமரிப்புக்குப் போன இரண்டுமாவது வருமே என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவையும் வந்தன. வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் இல்லை, உப்பவும் இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியவில்லை. திறந்து அளந்தபோது பல செல்கள் 2 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தன. மாதக்கணக்கில் டிரோனிலேயே செருகப்பட்டு, பாதிக்கும் குறைந்த சார்ஜோடு அவை அந்த நிலையத்தின் அடுக்கில் இருந்திருக்கின்றன. கட்டுப்பாட்டுப் பலகையுள்ள பேட்டரிகளில் பல, சில நாள் பயன்படுத்தாமல் விட்டால் தாமாகவே சேமிப்பு அளவுக்குச் சார்ஜை இறக்கிக்கொள்ளும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பலகை உயிரோடு இருப்பதற்கே கொஞ்சம் மின்சாரம் தேவை, அதை அந்த பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். "இது அறிவுள்ள பேட்டரி, தானே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி விற்கப்படுவதை நம்பி மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் விடக்கூடாது. டிரோனைப் பராமரிப்புக்கோ பழுதுபார்க்கவோ அனுப்பும்போது பேட்டரியைச் சேர்த்து அனுப்பாதீர்கள். அவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்றால், ஒப்படைத்த நாளில் இருந்த வோல்ட்டை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இங்கேதான் எனக்கு ஆபத்தான யோசனைகள் நிறைய வந்தன. இறந்த இரண்டையும் வேறு வகை பேட்டரிக்கான முறையில் சார்ஜரை வைத்துச் சிறிது நேரம் ஏற்றினால், 3 வோல்ட்டைத் தொட்டதும் லித்தியம் முறைக்கு மாற்றிவிடலாம் என்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னார். உப்பிய நான்கையும் ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டு நாடா ஒட்டித் தருவதாக இன்னொருவர் சொன்னார். தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்த அந்த நிலையில், இரண்டுக்கும் தலையாட்டிவிட எனக்கு மனம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நண்பர்தான் தொலைபேசியில் உறுதியாகத் தடுத்தார். செல் மிகவும் கீழே வடிந்துவிட்டால், உள்ளே எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே பாலம் போட்டுவிடக்கூடும். அப்படி உயிர்ப்பித்த பேட்டரி ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டு, என்றோ ஓர் இரவு சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம். ஊசியால் குத்துவதோ, காற்றின் ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் செல்லுக்குள் நேரே அழைத்துக்கொள்வது. ஊசி இரண்டு அடுக்குகளைச் சேர்த்துத் தொட்டால் அந்த இடத்திலேயே தீ. உப்பிய பேட்டரிக்கும், 2 வோல்ட்டுக்குக் கீழே வெகுநாள் கிடந்த பேட்டரிக்கும் வைத்தியம் கிடையாது. இதில் யார் எவ்வளவு அனுபவசாலியாகப் பேசினாலும் கேட்காதீர்கள்.

உத்தரவாதம் கேட்டு எழுதியதற்கு, உப்புதல் பயன்படுத்தியவரின் கையாளுதலால் வருவது, உத்தரவாதத்தில் சேராது என்று பதில் வந்தது. முழுச் சார்ஜில் வைக்கச் சொன்னது உங்கள் ஆள்தானே என்றால், அப்படிச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை, வாய்ப்பேச்சுதான். டிரோனுக்கு எடுத்திருந்தது மூன்றாம் நபர் காப்பீடு என்பதால் அதுவும் உதவவில்லை. பேட்டரி வாங்கும்போது, "இதை ஆறு மாதம் பயன்படுத்தாமல் வைக்க வேண்டுமானால் எத்தனை வோல்ட்டில், எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. இதற்கிடையில் முன்பதிவு செய்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, பூச்சி ஒனக்காவக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கைத்தெளிப்பானுக்கு ஆள் வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வயல், அவர் நெல். ஆனால் அந்த ஒரு கேள்வி, ஊரில் நான் மூன்று பருவம் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையைக் கரைத்துவிட்டது என்று அன்று எனக்குத் தோன்றியது.

பழுதான பேட்டரிகளை அகற்றுவதுதான் நான் எதிர்பாராத பெரும்பாடாக இருந்தது. கூரியர் நிறுவனங்கள் சேதமடைந்த லித்தியம் பேட்டரி என்றதும் கையை எடுத்துவிட்டன, அது நியாயமும்தான். பழைய இரும்பு வாங்கும் கடைக்காரர், "அண்ணாச்சி, ஒரு போன் பேட்டரியத் தட்டுனதுக்கே கை பொசுங்கிட்டு, இத நான் தொட மாட்டேன்" என்றார். அந்த மனிதர் பணத்துக்காக வாங்கிப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அவருக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். அகற்ற வழி தெரியும்வரை அவற்றை வீட்டில் வைக்க மனமில்லை. தரிசாகக் கிடந்த எங்கள் வயலின் நடுவில், வைக்கோலோ காய்ந்த புல்லோ இல்லாத இடத்தில், கிணற்றுக்கு வாங்கி மிஞ்சியிருந்த சிமெண்ட் உறையை நிறுத்தி, அடியில் ஆற்றுமணல் பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மழை இறங்காதபடி தகரத்தை இடைவெளி விட்டுச் சாய்த்து மூடினேன். இறுக மூடக்கூடாது, வாயு வெளியேற வழியில்லாத பெட்டி, பேட்டரி எரியும்போது வெடிக்கும். மேலுறை பிரிந்திருந்த பேட்டரியைத் தவிர உப்பிய மற்ற மூன்றையும் வெட்டவெளியில் வைத்து, ஒரு மின்பணியாளரின் உதவியோடு முழுதாக வடித்தோம். 12 வோல்ட், 55 வாட் கார் விளக்கு நான்கைத் தொடராக இணைத்தால் பன்னிரண்டு செல் பேட்டரியின் முழு வோல்ட்டையும் அவை தாங்கும். விளக்குகள் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும்; பக்கத்தில் ஓர் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். உப்புநீரில் போட்டு வைத்தால் வடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். உப்புநீர் முதலில் முனைகளை அரித்துவிடும், அதன்பிறகு உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கிறதா என்று அளக்கவும் முடியாமல் போகும் என்பதால் அதைச் செய்ய வேண்டாம் என்றார் நண்பர். கடைசியில் கைகொடுத்தது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். பேட்டரியைத் தயாரித்தவரும் இறக்குமதி செய்தவரும் அதன் கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பானவர்கள் என்பது அந்த விதிகளின் அடிப்படை. அதைக் குறிப்பிட்டு விற்றவர்களுக்கு எழுதிய பிறகுதான், இந்தப் பக்கம் வந்த அவர்களுடைய சரக்கு வண்டியில் ஆறையும் எடுத்துச் சென்றார்கள்.

அடுத்த ஆண்டு கடன் வாங்கி மூன்று பேட்டரிகள் வாங்கினேன். அவற்றை எப்படி வைத்திருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள் என்று சொல்வது எளிது, அதைச் செய்வதில்தான் சிக்கல். இந்தப் பெரிய பேட்டரி ஒன்றில் முழுச் சார்ஜில் ஏறத்தாழ 975 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. அதைப் பாதியாக்க 490 வாட் மணி வெளியேற வேண்டும். சாதாரண சார்ஜரில் உள்ள சேமிப்பு முறை, 30 வாட் வேகத்தில்தான் வடிக்கும் என்றால் ஒரு பேட்டரிக்கே பதினாறு மணி நேரம் ஆகும். வயல் வேலைக்கான பெரிய சார்ஜர்கள் சிலவற்றில் வடிக்கும் வசதியே இருப்பதில்லை. எனவே எளிய வழி, பருவத்தின் கடைசி நாளில் பேட்டரியை மறுபடி முழுதாக ஏற்றாமல் இருப்பதுதான். வேலை முடித்து இறங்கும் பேட்டரி ஓரிரு மணி நேரம் ஆறிய பிறகு, பெரும்பாலும் சேமிப்பு அளவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதைச் சார்ஜரில் 3.8 வரை உயர்த்தினால் போதும். சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடக்கூடாது. முழுச் சார்ஜில் ஏதாவது மிஞ்சிவிட்டால், தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி ஆளில்லாத வயலுக்கு மேலே நிறுத்திப் பறக்கவிட்டு வடிக்கிறேன்.

இதே கவனம் பருவத்தின் நடுவிலும் வேண்டும். கார்த்திகையில் இரவில் எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுப் படுப்போம், விடியும்போது மழை பிடித்துக்கொள்ளும், வேலை ஒரு வாரம் தள்ளிப்போகும். முன்பெல்லாம் அந்த வாரம் முழுவதும் அவை முழுச் சார்ஜிலேயே கிடந்தன. இப்போது முந்தின இரவில் முக்கால் அளவுக்கு மட்டும் ஏற்றி வைத்து, வானம் தெளிவாக இருந்தால் விடியற்காலையில் மீதியை ஏற்றுகிறேன். இரண்டு நாளுக்கு மேல் முழுச் சார்ஜில் எதையும் விடுவதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை நான் வெகுநேரம் யோசித்தேன். மச்சும் தட்டட்டி அறையும் கூடவே கூடாது என்பது தெரிந்துவிட்டது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தரைதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டு ஊர்களுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் பேட்டரியைத் தரையில் வைக்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி, காய்ந்த பிறகும் பல நாள் கழித்துத் தீப்பிடிக்கலாம். குளிர்சாதனப் பெட்டியையும் நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். வெளியே எடுத்ததும் நீர் வியர்க்கும் என்பதோடு, சமையல் பொருள் வைக்கும் இடத்தில் இதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில், வீட்டை விட்டு விலகி, வேப்பமர நிழலில் இருக்கும் பழைய தொழுவின் ஒரு மூலையில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, வடக்குச் சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில் சிமெண்ட் கல்லால் மூன்று அறைகள் கட்டினேன். ஓர் அறைக்கு ஒரு பேட்டரி. நடுவில் கல் தடுப்பு. ஒன்று எரிந்தாலும் அடுத்ததற்குப் பரவ நேரமாகும். முன்பக்கம் நெருக்கமான இரும்பு வலை, ஏனென்றால் எங்கள் ஊரில் எலி வயரைக் கடிக்காமல் விடாது. பேலன்ஸ் வயர் இரண்டு எலிப்பல்லில் ஒன்றையொன்று தொட்டால் போதும். முனைகளுக்கு மூடி போட்டே வைக்கிறேன். பெட்ரோல் கேன், மருந்துப் பெட்டி, சாக்கு, வைக்கோல் எதுவும் அந்தத் தொழுவில் இல்லை. அவற்றுக்கு வேறு இடம் பார்த்தே ஆக வேண்டும். தெளிப்புத் தொழில் செய்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டு வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது நெஞ்சு பதறுகிறது.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உலர்பொடி தீயணைப்பான் சுடரை அணைக்கும், ஆனால் வெப்பம் செல்லுக்குள்ளிருந்தே வருவதால் மறுபடி பற்றிக்கொள்ளும். மணல் பரவாமல் தடுக்கும், குளிர்விக்காது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் உண்மையில் உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது; அதில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. பேட்டரி போனால் போகட்டும், விலகி நின்று தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சார்ஜ் போடுவதும் அந்தத் தொழுவில், நான் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும்தான்.

மாதம் பிறந்ததும், தமிழ் மாதம் முதல் தேதியில், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பேட்டரியின் செல் வோல்ட்டையும் எழுதுகிறேன். நல்ல செல் மாதத்துக்கு மிகக் கொஞ்சம்தான் இறங்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்குகிறது என்றால் அந்த நோட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. 3.7 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் மறுபடி 3.8-க்கு ஏற்றுகிறேன். கூடவே இரண்டு பக்கமும் கைவைத்துத் தடவி, தட்டையாக இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். கட்டுப்பாட்டுப் பலகை உள்ள பேட்டரி வைத்திருப்பவர்கள், விளக்கு எத்தனை எரிகிறது என்பதோடு நிறுத்தாமல், செயலியில் செல் வாரியாகப் பாருங்கள். அவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்லிக் கையேடு சொன்னால் அதைத் தவறவிடாதீர்கள்.

பருவம் தொடங்கும்போது, கிடந்த பேட்டரியை நேரே வயலுக்குக் கொண்டுபோகக்கூடாது. முதல் சார்ஜை மெதுவாக, 22 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 11 ஆம்பியருக்கு மேல் போகாமல், எல்லாச் செல்களையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் முறையில் ஏற்றுகிறேன். ஏறும்போது சூடாகிறதா என்று பார்க்கிறேன். ஏறி முடித்து ஒரு மணி நேரம் கழித்துச் செல்களை அளக்கிறேன். சார்ஜர் காட்டும் உள் மின்தடையையும் வாங்கியபோது எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுகிறேன். அது இரட்டிப்பாகியிருந்தால் அந்த பேட்டரி பாரத்தோடு பறக்கும்போது திடீரென வோல்ட் விழுந்து டிரோனைக் கீழே போட்டுவிடக்கூடும். எல்லாம் சரியாக இருந்தால், தொட்டியைக் காலியாக வைத்து ஆளுயரத்தில் சில நிமிடம் நிறுத்திப் பறக்கவிட்டு, பிறகு அரைத் தொட்டித் தண்ணீர், அதன் பிறகுதான் மருந்து. இறங்கியதும் செல்களுக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒருமுறை பேலன்ஸ் செய்து மறுபடி பார்க்கிறேன். அப்போதும் அதே செல் பின்தங்கினால், அந்த பேட்டரியை வேலையிலிருந்து எடுத்துவிட்டு விற்றவருக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிவிடுகிறேன்.